பழைய பெற்றோலும் மலைச் சரிவும்

மோட்டர் வண்டி பழமையடைந்தால் அதன் மதிப்பு உயர்வதுண்டு. அதன் தாங்கியில் தேங்கிக் கிடக்கும் பெற்றோலுக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. சில மாதங்களிலேயே அது தன் இயல்பை இழக்கத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல எரிபொருள் என்னும் பெயருக்கே உரியதன்று என்னும் நிலையை அடைகிறது. அதனை வெளியேற்றும் முறையை இயந்திரம் பழகியோர் யாவரும் அறிவர். வெளியேற்றிய பின்னர் அது எங்கே செல்கிறது என்னும் வினாவைத்தான் நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கொஸ்லந்தையைப் போன்ற ஒரு மலைச் சரிவில் வாழ்வோருக்கு அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இலங்கையில் பழைய வண்டிகள் நெடுங்காலம் உயிர்வாழ்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டர் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே இந்நாட்டவரின் வழக்கமாயிற்று. அத்திறமை எத்துணை வளர்ந்ததெனில், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பித்து வந்த நிலையத்துக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்து அனுப்பப்பட்டன.

தோட்டங்களிலோ மோட்டர் வண்டி வெறும் ஊர்தியாக இருக்கவில்லை. அது ஒருவர் வாழும் உயரத்தின் அடையாளமாகவும் இருந்தது. மேட்டிலே துரையின் பங்களா. அதன்கீழ் உத்தியோகத்தர் விடுதிகள். அவற்றினும் கீழே பீலியும் கானும் லயங்களும். 1975இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிலங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஆயின் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவுமே இருந்தன.

எங்கள் பகுதியில் உத்தியோகத்தர் விடுதி ஒன்றின் கொட்டகையில் மொறிஸ் மைனர் ஒன்று 2000ஆம் ஆண்டு முதல் நின்றிருந்தது. உடையவர் காலமான பின்னர் அதனை ஓட்டுவார் இல்லை. 2022இல் நாடெங்கும் பெற்றோல் இல்லாது போனபோதுதான் பலருக்கு அதன் நினைவு வந்தது. அவ்வாண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நடைமுறைக்கு வந்த கியூஆர் பங்கீட்டின்படி மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே முதலில் கிடைத்தது. ஆறரைக் கலன், அதாவது ஏறத்தாழ 30 லீற்றர் கொள்ளும் தாங்கியொன்று கண்முன்னே நிற்க, அதிலுள்ளதை விட்டுவைப்பானேன் என்று இளைஞர் கேட்டமை இயல்பே. தோட்ட லொறிச் சாரதியாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் வண்டியின் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவருக்கு உதவியாளாக நான் நின்றேன்.

பெற்றோல் பழுதாவது ஏன்? அது ஒரே பொருளன்று. பல ஐதரோக்காபன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடுகின்றன. குளிரிலே இயந்திரம் பற்றிக்கொள்ள உதவுபவை அவையே. எஞ்சியவற்றுள் சில காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடிப் பிசினாகின்றன. அப்பிசின் காபுரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். தாங்கியின் வெற்றிடத்தில் படியும் நீர், பெற்றோலினும் பாரமானதாகையால், அடியிலே தங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே அத்தாங்கியிலுள்ளதை எந்த வண்டியில் ஊற்றினும் அவ்வண்டிக்கும் கேடே விளையும்.

மொறிஸ் மைனரின் தாங்கி பின்புறப் பெட்டியின் தரையோடு அமைந்தது. அதன் அடியில் ஒரு வடிப்பாணி உண்டு. ‘ட்ரேன் நட்’ என்பர் கராச்காரர். மாமா முதலிற் செய்தது அதனைத் திருகுவதன்று. பற்றறியின் இணைப்பைக் கழற்றினார். கொட்டகையினின்று வண்டியைத் தள்ளுவித்துத் திறந்த சமதரையிலே நிறுத்தினார். துருவேறிய ஆணிக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தார். மறுநாட் காலை நான் திருகியை எடுத்தபோது, “கீழ லயத்துல அடுப்பு எரியுதா பாருடா” என்றார். புகை தெரிந்தது. “அப்ப இரு. பெரட்டு முடிஞ்சி ஆளுக மலைக்குப் போகட்டும்” என்றார்.

அக்காத்திருப்பின் பொருளைப் பௌதிகம் அறிந்தோர் உணர்வர். பெற்றோல் ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலே எழாது. நிலத்தோடு படர்ந்து, நீரைப்போலப் பள்ளம் நாடிச் செல்லும். மேட்டிலே திறந்த தாங்கியின் ஆவி பள்ளத்து விறகடுப்பைத் தேடிச் சென்று தீயோடு திரும்பி வரலாம். நூறில் ஒன்றரைப் பங்களவு ஆவி காற்றிற் கலந்தாலே அது தீப்பற்றப் போதும். வெறுமையான தாங்கி நிறைந்த தாங்கியினும் ஆபத்தானது என்று கூறப்படுவதும், அதனைக் கழுவாது தீயிட்டு ஒட்டுதல் ஆகாதென்பதும் இதனாலேயே.

ஆணி கழன்றபோது வெளிவந்தது ஏழெட்டு லீற்றரே. நிறத்தில் அது கடுஞ்சாயத் தண்ணியை ஒத்திருந்தது. மணமோ பழைய வார்னிசின் மணம். அதனைக் கேட்டுப் போத்தலோடு வந்தவர் இருவர். ஒருவர் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகக் குப்பி விளக்குக்கு என்றார்; மற்றவர் ஈர விறகு பற்றவைக்க என்றார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்திருந்தது. ஆகவே அவர்கள் கேட்டதிற் குற்றமில்லை. ஆயின் மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றுவதற்கு அது 38 பாகை செல்சியசுக்கு மேலாவது சூடேற வேண்டும். பெற்றோலுக்கோ உறைகுளிரும் தடையன்று. இலேசானவை பறந்துபோன பழைய பெற்றோலையும் இவ்வகையில் நம்புதல் ஆகாது. குப்பி விளக்கில் அதை ஊற்றுவது காம்பராவுக்குள் வெடிமருந்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

வேறொரு காரணமும் இருந்தது. அப்பெற்றோல் ஈயங் கலந்த காலத்தது. இயந்திரத்தின் தட்டொலியை ஈயச் சேர்வை அடக்கும் என்று 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்சிலி கண்டறிந்தார். அதன் பின்னர் உலகெங்கும் அது பெற்றோலில் ஏறியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பது தெளிவான பின்னரும் அதனைக் கைவிடப் பல்லாண்டுகள் சென்றன. இலங்கை 2002இல் கைவிட்டது. இறுதி நாடாகிய அல்சீரியா 2021இல் கைவிட்டது. தாங்கியிலே கிடந்ததற்கு இச்சட்டம் எதுவும் எட்டவில்லை.

அதனைக் கானில் ஊற்றியிருப்பின் என்ன நேரும்? கான் ஓடைக்குச் செல்லும். எங்கள் பக்கத்து ஓடைகள் சேரும் பூனாகலை ஓயாவே 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகிறது; பின்னர் குடா ஓயா வழியாகக் கிரிந்தி ஓயாவை அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது. மேட்டில் வாழ்பவனுக்குக் கண்ணிலிருந்து மறைந்தது, பள்ளத்தில் வாழ்பவனுக்குக் குடிநீராகவும் சோறாகவும் வந்து சேரும். மேலிருந்து வருவது கீழுள்ளோரை எவ்வாறு அடையும் என்பதற்கு எங்கள் ஊருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மண்ணுள் மறைந்தவை லயங்களே.

மாமா அப்பெற்றோலை மூடியுள்ள இரும்புக் கலத்தில் அடைத்து, அதன்மேல் ‘விஷம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். பண்டாரவளையில் கழிவெண்ணெய் சேகரிக்கும் திருத்தகம் ஒன்றில் அதனை ஒப்படைத்த பின்னரே வேலை முடிந்ததென்றார். தொழிற்சாலைகளின் ஆபத்தான கழிவுகளைப் புத்தளம் சீமெந்துச் சூளையின் மிகுவெப்பத்தில் எரித்தழிக்கும் ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. ஆயின் மலையிலே ஒருவன் கையிலுள்ள ஏழெட்டு லீற்றர் அங்கே சென்றடைய ஒழுங்கான வழி வேண்டும். பிரதேச சபை தோறும் மாதம் ஒருநாள் இத்தகைய கழிவுகளை ஏற்பதாயின் அவ்வழி திறக்கும். விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் கோரவேண்டிய சிறு காரியங்களுள் இதுவும் ஒன்று. தாங்கியை வெறுமையாக்குதல் அரைமணி நேர வேலை. அதிலிருந்து வந்ததைப் பிறருக்குத் தீங்கின்றி இறுதிவரை கொண்டு சேர்ப்பதே அவ்வேலையின் பெரும்பகுதி.