"கண்ணு நல்லாத்தானே தெரியுது சார்!" (சின்ன த்ரெட்)

1) சுகர் ஓபியில ஆட்டோ ஓட்டுற ஒரு அண்ணன் கேட்டது: "கண்ணு நல்லாத்தானே தெரியுது சார், எதுக்கு கண் டாக்டர்?" அன்னைக்கு செம கூட்டம். "அடுத்த மாசமாவது போங்க"ன்னு மாத்திரை எழுதி அனுப்பிட்டேன்.

2) எட்டு மாசம் கழிச்சு வந்தார். "ஒரு கண்ணுல மை கொட்டின மாதிரி இருக்கு சார்." உள்ளே ரத்தக்கசிவு.

3) ஏன்? சுகரால விழித்திரையோட நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய் கேட்டு ஒரு பொருளைச் சுரக்கும். அப்படி முளைக்கிற குழாய்க்கு வலு கிடையாது. சட்டுனு உடையும்.

4) இப்படி ஒரு பொருள் இருக்கணும்னு 1948லயே கணிச்சார் கண் மருத்துவர் மைக்கேல்சன். கேன்சர் கட்டியும் இப்படித்தான் ரத்தக்குழாயை வரவழைச்சு வளருதுன்னு 1971ல எழுதினார் ஜூடா ஃபோல்க்மன். பலர் நம்பல.

5) 1983ல செங்கர், டுவோராக் குழு கட்டியிலிருந்து, குழாய்களைக் கசிய வைக்கிற புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. 1989ல ஃபெராரா குழு, குழாய்களை வளர்க்கிற புரதத்தைப் பிரிச்செடுத்தாங்க. பார்த்தா ரெண்டும் ஒண்ணு! பேரு விஇஜிஎஃப். 1994ல சுகர் நோயாளிகளோட கண் திரவத்துலயும் அது அதிகமா இருக்குன்னு தெரிஞ்சது.

6) இன்னைக்கு அதைத் தடுக்க ஊசி இருக்கு, லேசர் இருக்கு. அண்ணனுக்கும் போட்டாங்க. பார்வை ஓரளவுதான் திரும்புச்சு. ராத்திரி சவாரியை விட்டுட்டார்.

7) இப்பல்லாம் நான் "அடுத்த மாசம்"னு சொல்றதில்ல. அன்னைக்கே கண் ஓபிக்கு சீட்டு.

உங்க வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா? கண்ணு நல்லா தெரியும்போதே கூட்டிட்டுப் போங்க. வருஷம் ஒரு தடவை, விழித்திரை பரிசோதனை.