அப்பாவின் வலது கால்

போன பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா கார் சாவியை என் கையில் கொடுத்து, "வித்துரு தம்பி. இனிமே நமக்கு ஆகாது" என்றார். 1997ஆம் வருட மாருதி 800. செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பாளையம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சேலைக் கட்டுகளை ஏற்றிப்போன வண்டி. தறி நின்ற பிறகு, திருச்சுழியில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போவது ஒன்றுதான் அதற்கு மிச்சமிருந்த வேலை. அதுவும் நின்று நாலு மாதம் ஆகியிருந்தது.

"காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது. மிதிச்சா எறங்க மாட்டேங்குது, எறங்குனா சட்டுனு குதிக்குது." தெருமுனையில் ஒருநாள் வண்டி துள்ளி, சைக்கிளில் வந்த பையன்மேல் மோதப் பார்த்திருக்கிறது. அதை அம்மாதான் சொன்னாள். அப்பா சொல்லவில்லை.

எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. வயது 68. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். ஆஸ்பத்திரியில் உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். அது தொடுவதை உணர முடியாவிட்டால் நரம்பில் கோளாறு என்று அர்த்தம். அப்பாவுக்கு இடது பெருவிரலில் மட்டும் தெரியவில்லை. நாற்பது வருடம் நூலோடு இருந்தவர் வெளியே வந்து, "நூலு தொட்டது தெரியலேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தார். அன்றே நாங்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். ஆக்சிலேட்டரை மிதிப்பது வலது கால் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விற்பதற்குப் போட்டோ எடுக்கலாமென்று வண்டியை வெளியே எடுத்தேன். ஆக்சிலேட்டரில் கால் வைத்ததும் எனக்கும் கனத்தது. கல்லை மிதித்த மாதிரி ஒரு பிடிப்பு, பிறகு ஒரு குதி. அப்பா சொன்ன அதே குதி. எனக்கு 31 வயது. சர்க்கரை இல்லை.

இஞ்சினை அணைத்து பானட்டைத் திறந்தேன். அப்பாவை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் த்ராட்டில் கை மெதுவாக நகர்ந்து, நின்று, திடீரென்று தாவியது. கேபிளின் முனையை அதிலிருந்து கழற்றிவிட்டு விரலால் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய் போலப் போனது, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் திரும்பியது. கார்புரேட்டரில் குற்றமில்லை. அடுத்து பெடல் பக்கத்து முனையைக் கழற்றினேன். பெடலும் சும்மா ஆடியது. மிச்சம் இருந்தது நடுவில் உள்ள கேபிள்தான்.

சைக்கிள் பிரேக்கிலும் பைக் கிளட்சிலும் இருப்பது இதே ஜாதிக் கேபிள்தான். பவுடன் என்பவர் 1896இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவுட்டர் அசையாமல் நிற்கும், உள்ளே இன்னர் வயர் இழுபடும். வளைவு கூடக்கூட உரசல் கூடும். பாதி வளைவுக்குப் பாதி என்ற கணக்கில் அல்ல, பெருகிக்கொண்டே போகும். இதற்கு முன்னால் இஞ்சின் வேலை பார்த்த ஒரு பட்டறையில் எங்கள் கேபிளை ஒரு ஹோஸோடு சேர்த்து, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் அவுட்டர் முழங்கை மாதிரி மடிந்திருந்தது. போதாததற்கு உள்ளே கெட்டி கிரீஸ். அதில் எங்கள் ஊர்ப் புழுதி சேர்ந்து கரிசல் மண்ணைக் குழைத்த மாதிரி ஆகியிருந்தது.

இன்னரை உருவினேன். மடிந்த இடத்தில் மூன்று இழைகள் அறுந்து பிரஷ் போல விரிந்து நின்றன. அப்பா அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நிறைய நேரம் பேசவில்லை.

"தறியில மிதி கனத்தா மொதல்ல கயித்தத்தான் பாப்போம். விழுது எங்கிட்டு உரசுதுன்னு பாப்போம். எவனாச்சும் காலப் பாப்பானா?" என்றார். பிறகு, "நீங்கள்லாம் காலுன்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

நான் பதில் சொல்லவில்லை. அந்த அறுந்த இழைகள் அவுட்டருக்குள் சிக்கியிருந்தால் த்ராட்டில் திறந்தபடியே நின்றிருக்கும். பிரேக்கை அழுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அப்புறம் இஞ்சினை அணைக்க வேண்டும். பதற்றத்தில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அப்படி ஏதாவது நடந்திருந்தாலும் நாங்கள் அவர் காலைத்தான் சொல்லியிருப்போம்.

பழைய கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கவில்லை. இழை அறுந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி. மதுரையில் சில நூறு ரூபாய்க்குப் புதுசு கிடைத்தது. எங்கும் மடியாமல் அகலமான வளைவாக விட்டு, சூடான பாகங்களில் படாமல் மாட்டினோம். முனையில் கொஞ்சம் தொய்வு விட்டு லாக் நட்டை இறுக்கினேன். தொய்வே இல்லையென்றால் கால் எடுத்த பிறகும் இஞ்சின் இரையும். அதிகமானால் பெடலைத் தரைவரை மிதித்தாலும் த்ராட்டில் முழுக்கத் திறக்காது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அப்பா இருபது தடவை மிதித்தார். இருபது தடவையும் பெடல் டப்பென்று மேலே வந்தது. இருபத்தொன்றாவது தடவை அவர் சும்மா மிதித்தார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அவரே ஓட்ட, திருச்சுழிக்குப் போனோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வண்டி ஒருதடவைகூடத் துள்ளவில்லை. அத்தை வாசலில் நின்று, "ஒனக்குக் காலு வரலேன்னாங்களேண்ணே?" என்றாள். "வயரு வரல" என்றார் அப்பா.

கேபிள் மாற்றியதால் அவருக்கு வயது குறைந்துவிடவில்லை. இடது பெருவிரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, கிளட்ச் அந்தக் காலில்தான். இருட்டினால் வண்டியை எடுப்பதில்லை, திருச்சுழியைத் தாண்டிப் போவதில்லை என்று அவரே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் நான் தலையிடுவதில்லை.

போன வாரம் போனில், தோள்பட்டை வலிக்கிறது என்றார். "வயசாச்சுல்லப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, "எந்தப் பக்கமாப் படுக்குறீங்க? தலகாணி பழசா புதுசா?" என்று கேட்டேன்.