பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன்...

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்களில் பெரும்பாலும் இவை இருக்காது. நன்றாக ஓடும் மெஷின்கூட இப்படித்தான் 'பழசு' ஆகிவிடுகிறது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் லேப்டாப்பும் அப்படித்தான். ஆன் செய்துவிட்டு அடுப்பில் பால் வைத்தால், பால் பொங்கிய பிறகுதான் திரை வரும். வாடிக்கையாளர்களின் அளவுகள், பிளவுஸ் டிசைன்கள், மறைந்த கணவரின் படங்கள் எல்லாம் அதில்தான். ''புதுசு வாங்கிடுங்கக்கா'' என்றார்கள் கடையில். அதுவோ மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம்.

''லினக்ஸ் போட்டுப் பாக்கலாமாக்கா? காசு கிடையாது'' என்றான் எதிர்வீட்டு இன்ஜினீயரிங் மாணவன். அக்கா கேட்டது ஒன்றுதான். ''படமெல்லாம் அழிஞ்சிடாதே தம்பி?''

லினக்ஸ் போடும் யாருக்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுப் போடு' என்று ஒரு வாய்ப்பு வரும். அதை அழுத்தினால் பழையது எதுவும் மிஞ்சாது. அதனால் அன்று மாலை முழுக்க நடந்தது வெறும் காப்பி எடுக்கும் வேலை. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, முக்கியமான படங்களுக்குப் பென் டிரைவில் இன்னொன்று. நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

அடுத்து, 8 ஜி.பி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பை ஏற்றினான். 2 ஜி.பி ராம் இருந்தாலே இது ஓடும், 4 ஜி.பி இருந்தால் வசதி. 64-பிட் பிராசஸர் மட்டும் அவசியம். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்2, எஸ்கேப் என கம்பெனிக்கு ஏற்ற பட்டனைத் தட்டி, பென் டிரைவிலிருந்து தொடங்கலாம். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் திரையில் வந்துவிடும். இதற்கு 'லைவ்' முறை என்று பெயர். வைஃபை, பிரின்டர், சத்தம் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யலாம்.

அப்போதும் அக்காவுக்குத் தயக்கம். ''இதெல்லாம் யாருப்பா வச்சிருக்காங்க?''

இந்த ஊருக்குப் பொருத்தமான பதில் உண்டு. புதுச்சேரி போலீஸாரின் சிவப்பு கெப்பி தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்றது. அந்த பிரான்ஸின் ஜாந்தர்மெரி காவல் படை பல்லாயிரம் கணினிகளில் லினக்ஸைத்தான் பயன்படுத்துகிறது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ், நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் அடித்தளம்.

லினக்ஸ் மாயமந்திரம் இல்லை. 'டக் டக்' என்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்கை அது குணப்படுத்தாது. ஃபோட்டோஷாப் போன்றவை இதில் நேரடியாக ஓடாது. அவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் யோசித்தே மாற வேண்டும். அக்காவுக்குத் தேவைப்பட்டதோ அளவுகளுக்கு லிப்ரே ஆபீஸ், டிசைன் பார்க்க ஃபயர்பாக்ஸ், தமிழில் அடிக்க தமிழ்99 விசைப்பலகை. மூன்றும் இலவசமாகவே கிடைத்தன. மகளின் காலேஜ் ஃபீஸிலும் கை வைக்கவில்லை.

எதிர்வீட்டில் ஒரு தம்பி எல்லோருக்கும் வாய்க்கமாட்டான். புதுச்சேரியில் 'ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்ட்' என்ற தன்னார்வக் குழு கட்டற்ற மென்பொருளுக்காகவே இயங்குகிறது. பக்கத்து விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழு உண்டு. தமிழில் படித்துக் கற்றுக்கொள்ள 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் வெளிவருகிறது. அலமாரி மேல் தூங்கும் லேப்டாப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். முதலில் படங்களைக் காப்பி எடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.