பில்லியன் என்றால் எத்தனை பூஜ்ஜியம்?

புனேயில் ஜெர்மன் கம்பெனிகளோடு பேசிப் பிழைக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். பிள்ளைகளை மேல்படிப்புக்கு ஜெர்மனி அனுப்புகிறவர்களும் இப்போது அதிகம். மொழி ஓரளவு வந்துவிடுகிறது. பெரிய தொகை வந்தால்தான் தலை சுற்றும்.

மில்லியன் வரை தகராறு இல்லை. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அது பத்து லட்சம்தான். சாகனில் ஃபோக்ஸ்வாகன் ஆலை 2009-ல் திறந்தபோது முதலீடு 580 மில்லியன் யூரோ என்றார்கள். ஒரு பூஜ்ஜியத்தை எடுத்தால் 58 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 3,800 கோடி ரூபாய்.

வில்லங்கம் அதற்கு மேலேதான். ஆங்கில பில்லியன் நூறு கோடி. ஜெர்மன்காரர் அதை 'மில்லியார்டெ' என்பார். அவர் 'பில்லியோன்' என்று சொன்னால் அது லட்சம் கோடி, அதாவது ஆங்கிலத்தில் ட்ரில்லியன். கிட்டத்தட்ட ஒரே சொல், ஆயிரம் மடங்கு வித்தியாசம்! பிரிட்டனிலும் முன்பு பில்லியன் என்றால் லட்சம் கோடிதான். 1974-ல் அரசாங்கமே அமெரிக்க வழக்குக்கு மாறிவிட்டது. ஜெர்மனி மாறவில்லை.

1923 நவம்பரில் ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்துக்குப் போய், ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் ஆனது. ஆங்கிலப் புத்தகம் இதை 4.2 ட்ரில்லியன் என்னும், ஜெர்மன் புத்தகம் 4.2 பில்லியோன் என்னும். இரண்டும் சரிதான் :-)

அடுத்தது புள்ளியும் காற்புள்ளியும். அங்கே இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். 1,5 என்றால் ஒன்றரை. 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக வங்கியில் முடக்கி வைக்கும் தொகையை 2024 செப்டம்பரில் 11,904 யூரோ ஆக்கினார்கள். ஜெர்மன் தாளில் அது 11.904 என்று இருக்கும். பன்னிரண்டு யூரோகூட இல்லையே என்று அப்பா சந்தோஷப்பட வேண்டாம். அன்றைய மதிப்பில் சுமார் 11 லட்சம் ரூபாய்!

ஒரு விஷயத்தில் மட்டும் மராத்திக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாம் இருபத்தைந்து என்று பத்தை முதலில் சொல்கிறோம். ஜெர்மனில் 'ஐந்தும் இருபதும்'. மராத்தியிலும் 'பஞ்ச்வீஸ்', ஐந்துதான் முன்னால். போனில் ஜெர்மன்காரர் 53 என்று சொல்லும்போது 35 என்று எழுதும் ஆபத்து நமக்குத்தான் அதிகம். முழுவதும் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

எனக்குத் தெரிந்த சுலபமான வழி, எந்தத் தொகையையும் முதலில் கோடிக்கு மாற்றிக்கொள்வது. மில்லியார்டெயா, நூறு கோடி. ஜெர்மன் பில்லியோனா, லட்சம் கோடி. ஒப்பந்தத்திலும் மெயிலிலும் வார்த்தையை மட்டும் நம்பாமல் எண்ணாலும் எழுதிவிட்டால் சண்டை வராது.

இங்கே வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எண்ணுகிறார்கள். சிலர் ஜெர்மனிலும். வீட்டில் லட்சத்தையும் கோடியையும் தமிழில் சொல்லிப் பழக்குங்கள். மராத்தியிலும் அது 'கோட்டி'தான், பிள்ளைகளுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.