அம்மை ஒன்றல்ல

தமிழில் 'அம்மை' என்னும் ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் குடியிருக்கின்றன. மேனியில் கொப்புளமோ தடிப்போ கண்டால் அம்மை என்று சொல்லி, வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியே கிடத்துவது மயிலாப்பூர்த் தெருக்களில் நாம் கண்டு வளர்ந்த வழக்கம். தனியே கிடத்தியது அறிவார்ந்த செயலே. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றே என்று எண்ணுவது தவறு.

அண்மையில் தியாகராய நகரில் உறவினர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அங்கே ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. வீட்டுக்கு மூத்தவரான வாப்பும்மா தம் மேற்கைத் தழும்பைக் காட்டி, "எனக்குச் சின்ன வயசிலேயே அம்மை குத்தினாங்க. அப்புறமும் எனக்கு அம்மை வந்துச்சே! குத்தி என்ன பலன்?" என்று கேட்டார். மருமகளுக்கு மறுமொழி தெரியவில்லை. நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை, உயிரியலார் நுண்ணுயிர்களை இனம் பிரித்து வைத்திருக்கும் முறையில் உள்ளது.

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றையும் விளைவிப்பவை வைரஸ்களே. ஆயினும் அவை மூன்றும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நம் குருதியிலுள்ள காவல் அணுக்கள் ஒவ்வொரு பகைவனையும் அவனுடைய புறவடிவைக் கொண்டே அடையாளம் கண்டு நினைவில் வைக்கின்றன. ஆகவே ஒன்றை அறிந்த நினைவு மற்றொன்றைத் தடுக்க உதவாது.

நுண்ணோக்காடி இல்லாத காலத்திலேயே இவ்வேறுபாட்டை எழுதி வைத்தவர் அறிஞர் அர்ராஸீ. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் அவர் இயற்றிய 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்னும் நூல், பெரியம்மையையும் தட்டம்மையையும் குறிகளால் பிரித்துக் காட்டிற்று. முதுகுவலி முன்னதில் மிகும். குமட்டலும் மனக்கலக்கமும் பின்னதில் மிகும் என்று அவர் கண்டார்.

நெருங்கிய இனமாயின் ஒன்றின் நினைவு மற்றொன்றுக்கும் உதவும். மாட்டம்மை பெரியம்மையின் உறவு. 1796இல் ஜென்னர் மேற்கொண்ட சோதனைக்கு இவ்வுறவே அடிப்படை. நம் நகரில் கிண்டியிலுள்ள கிங் நிலையம், 1899இல் அம்மைப்பால் தயாரிக்கும் இடமாகவே தொடங்கிற்று. கன்றுகளின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பாலே அந்நாளில் மக்கள் கைகளில் குத்தப்பட்டது. 1975 மே மாதத்திற்குப் பின் இந்திய மண்ணில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

"உங்களுக்குக் குத்தியது பெரியம்மைக்கு; பின்னர் வந்தது சின்னம்மை. பெரியம்மை உங்களை அண்டவே இல்லையே, வாப்பும்மா!" என்றோம். சற்று யோசித்தவர், "அப்போ புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டுப் போங்க" என்று மருமகளிடம் சொன்னார்.

தட்டம்மையை எளிதாக எண்ணுவோர் நம்மிடையே பலர். தடுப்பாற்றல் அற்றவர் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்ப வல்லவர். அது நீங்கிய பின்னும் தீங்கு தொடர்கிறது. பிற நோய்களைப் பற்றி உடல் சேர்த்து வைத்த நினைவின் ஒரு பகுதியை அது அழித்துவிடுவதை 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. உடன் சேர்த்துத் தரப்படும் ரூபெல்லாத் தடுப்போ, பிறவாத சிசுவின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் காப்பது.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் இவ்வூசி இயக்கம் தொடங்கியபோது, கைப்பேசி வழியே வதந்திகள் பரவின. அஞ்சிய பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தனர். அச்சத்தை ஏளனம் செய்வதால் அது அகலாது. கேட்பவரின் கேள்விக்கு உரிய விடையைப் பொறுமையுடன் சொல்வதே வழி. முதல் ஊசி 9 முதல் 12 மாதத்திற்குள். இரண்டாவது 16 முதல் 24 மாதத்திற்குள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்து, இவ்விரு நாட்களும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது பெற்றோர் கடன்.