நாற்பத்திரண்டு வயசுப் பாட்டி



எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஆறு பேரில் மூன்று பேருக்கு இப்போதே நரை. அதில் அடியேனும் ஒருவன். வலது காதுக்கு மேலே நாலைந்து வெள்ளை முடி, அவ்வளவுதான். ஆனால் "என்ன மாப்ள, தாத்தா ஆயிட்ட போல" என்று ஒருத்தன் ஆரம்பித்து வைக்க, அதிலிருந்து இந்த இளவயது முதுமை பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த டாக்டர் வேலை என்று கேட்பீர்கள். கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அங்கேதான் தொடர்பு. பத்து வருடம் உழைக்கும் இயந்திரம் என்றால் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கழித்துக்கொண்டே போவது நேர்க்கோட்டு முறை. பிறந்த தேதியை வைத்து வயசு சொல்வதும் அப்படித்தான். ஆனால் அதே இயந்திரத்தை இரண்டு ஷிப்ட் ஓட்டினால் என்ன ஆகும்? ஏட்டில் இருக்கும் மதிப்பு வேறு, இயந்திரம் நிற்கும் கோலம் வேறு. உடம்பும் இதே கதைதான்.

முதலில் நரை. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25 வயசுக்கு முன்னால் நரைத்தால் இளநரை என்கிறார்கள். பெரும்பாலும் பரம்பரை. ரத்தசோகை, தைராய்டு, பி12 வைட்டமின் குறைவு, புகைப்பழக்கம் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். பி12 பால், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. அதனால் சுத்த சைவக்காரர்கள், அதுவும் பால் தயிர் பிடிக்காதவர்கள், ஒருமுறை ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வெள்ளை முடியைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது சும்மா கதை. ஒரு வேர்க்காலில் நடப்பது பக்கத்து வேர்க்காலுக்குத் தெரியாது. என்னைப் பார்த்த டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க அப்பாவுக்கு எப்போ நரைச்சது?" இருபத்து மூணில் என்றேன். "அப்போ சரி, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

கவலைப்பட்டால் நரைக்கும் என்று பாட்டிமார் சொல்வது மட்டும் பொய்யில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆட்கள் 2020-ல் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பயமும் வலியும் வரும்போது நரம்பு நுனிகள் நார்அட்ரினலின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. முடிக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் மூலசெல்கள் அதில் சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் முடியையே ஆராய்ந்தார்கள். ஒருவர் விடுமுறைக்குப் போன நாட்களில் அவருடைய தலையில் ஐந்து நரைமுடி மறுபடி கறுத்திருந்ததாம். (லீவு கேட்க நல்ல காரணம் கிடைத்தது என்று கிளம்பாதீர்கள், வெறும் ஐந்து முடிதான்!)

இதையெல்லாம் படித்தபோது பிசிராந்தையார் ஞாபகம் வந்தார். புறநானூறு 191-வது பாட்டு. வயசாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில். எண்ணெயோ மூலிகையோ அவர் பதிலில் கிடையாது. மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர்கள் என் மனம் போல நடப்பவர்கள், அரசன் தீங்கு செய்யாமல் காப்பவன், எல்லாவற்றுக்கும் மேல் என் ஊரில் அடக்கமுள்ள சான்றோர்கள் பலர் இருக்கிறார்கள் என்கிறார். அதாவது நரை தலையில் தோன்றினாலும் காரணம் வீட்டிலும் ஊரிலும் அரசாங்கத்திலும் இருக்கிறது! பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியதோடு சரி. இப்போதுதான் அந்த ஆளின் கெட்டிக்காரத்தனம் புரிகிறது.

ஏனென்றால் சென்ற வருடம் நடந்த ஒரு விஷயம். அம்மாவுக்கு ரொம்ப நாளாகத் தலைசுற்றல் என்று ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். சீட்டு எழுதுகிற அக்கா என்னிடம், "பாட்டிக்கு வயசு அறுபது போட்டுக்கவா தம்பி?" என்றார். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. எனக்கு முகம் செத்துப்போனது. அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, "போட்டுக்கிறட்டும்டா, முதியோர் பென்ஷனாவது கிடைக்கும்" என்றது.

எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்கு அம்மாவின் வேலையைச் சொன்னால் போதும், மீதி புரிந்துவிடும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிப்பது. மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் மூன்று மணிக்கே எழுந்து, நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு போக வேண்டும். முகூர்த்த நாளில் மல்லிகை கிலோ ஆயிரத்தைத் தாண்டும்போதும் பறிக்கிற கைக்கு அதே கூலிதான். பூ இல்லாத நாளில் களையெடுப்பு, அது உச்சி வெயிலில். ராத்திரி எங்களுக்குச் சமைத்துப் போட்டுப் படுக்கப் பத்தரை ஆகும். தூக்கம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம் நுனியில் டெலோமியர் என்று ஒன்று இருக்கிறது. சின்னாளப்பட்டிச் சேலை வாங்கினால் முந்தானை நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் முடிச்சு போடுவார்கள் இல்லையா, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. செல் பிரியப் பிரிய முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இதைக் கண்டுபிடித்த எலிசபெத் பிளாக்பர்ன் உள்ளிட்ட மூவருக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பிளாக்பர்னும் எலிசா எப்பல் என்பவரும் 2004-ல் 58 தாய்மார்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அதில் பலர் தீராத நோயுள்ள குழந்தையை வளர்ப்பவர்கள். மனச்சுமை அதிகம் உள்ளவர்களின் டெலோமியர் குறைந்தது பத்து வயசு கூடுதலான பெண்ணுடையதைப் போலத் தேய்ந்திருந்தது. இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் படிக்கவில்லை.

வெயிலுக்கு வருவோம். 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு போட்டோ வந்தது. 69 வயசு லாரி டிரைவர், 28 வருடம் வண்டி ஓட்டியவர். அவர் முகத்தில் ஜன்னல் பக்கமிருந்த இடது பாதி மட்டும் சுருங்கித் தொங்குகிறது, வலது பாதி பரவாயில்லாமல் இருக்கிறது. ஒரே முகத்தில் அண்ணனும் தம்பியும்! புற ஊதாக் கதிரில் ஒரு வகை கண்ணாடியைத் தாண்டி வந்து தோலுக்கு அடியில் இருக்கும் கொலாஜனை அரிக்கிறது. நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் கொடைக்கானல் மலைக்கு ஏறி இறங்கும் டிரைவர் அண்ணன்மார்கள் வலது கன்னத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். கறுப்புத் தோலுக்கு மெலனின் ஒரு குடை மாதிரி, நமக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். அதற்குப் பதில் கன்னத்தில் மங்கு முதலில் வந்து உட்காரும்.

தடுப்பது எப்படி என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பல்லவி. எட்டு மணி நேரம் தூங்குங்கள், மன அழுத்தத்தைக் குறையுங்கள், பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் போகாதீர்கள், தினமும் பழம் சாப்பிடுங்கள். எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் செய்யுறதுக்கு யாருடா கூலி தருவா?" என்று கேட்டது. சன்ஸ்கிரீனும் வேலை செய்யும். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் நாலரை வருடம் தினமும் தடவியவர்களின் தோல் மற்றவர்களை விடக் குறைவாகவே மூப்படைந்தது என்று 2013-ல் வெளியிட்டார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளமாகத் தடவ வேண்டும். எங்கள் வீட்டுப் பட்ஜெட்டில் ஒரு டியூப் ஒரு வாரம் தாங்காது.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். களையெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் சிரிப்பார்கள். நெருக்கமாக நெய்த துணி, முழுக்கை, தலைக்கு மறைப்பு என்று தோல் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது அச்சு அசலாக இதைத்தான். முகம் மட்டும்தான் பாக்கி, அதற்கு அகலமான ஓலைத் தொப்பி போதும்.

செலவில்லாமல் விடக்கூடியது புகையும் வெற்றிலைப் பாக்கும். 2013-ல் அமெரிக்காவில் 79 ஜோடி இரட்டையர்களின் போட்டோக்களை ஒப்பிட்டார்கள். அதிகம் புகைத்தவரின் கண்ணுக்குக் கீழே பை, வாயைச் சுற்றிச் சுருக்கம். எங்கள் மாவட்டத்தில் வாயில் போடும் புகையிலைக்குப் பஞ்சமே இல்லை. பாக்கு தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உள்தசை நார் மாதிரி இறுகி, வாயே திறக்க முடியாமல் போகும். முப்பது வயசில் ஒட்டிய கன்னம்.

அப்புறம் தண்ணீர். இதை அழகுக் குறிப்புகளில் யாரும் எழுதுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் சில பகுதிகளில் பாறைக்குள்ளிருந்து வரும் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழந்தையில் பல் உருவாகும்போதே இது உள்ளே போனால் பல்லில் பழுப்புக் கறை விழும். வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகி, நாற்பதில் எழுபது மாதிரி நடப்பார்கள். முக்கியமான விஷயம்: காய்ச்சினால் இது போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு இதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஊர் போர் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தர்மபுரி என்றதும் சொல்லாமல் போக முடியாது. எங்கள் வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்த சுப்பிரமணிய சிவா அந்த மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்தான் 1925-ல் இறந்தார். வ.உ.சி.யோடு 1908-ல் கைதாகி 1912-ல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய். அன்று அதற்குச் சரியான மருந்தே கிடையாது. ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட, புண்ணான காலோடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். படத்தில் தாடியும் தளர்ச்சியுமாகப் பார்த்து எழுபது வயசுக் கிழவர் என்றுதான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். சாகும்போது அவருக்கு நாற்பது.

முகத்துக்குப் போடும் சமாச்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழே நாளில் பளபளப்பு என்று நம் ஆட்கள் மெடிக்கலில் வாங்கிப் பூசும் சில டியூப்களில் இருப்பது ஸ்டீராய்டு. முதலில் வெளுக்கும். பிறகு தோல் பேப்பர் மாதிரி மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, பருவும் ரோமமும் கிளம்பும். முதுமையைக் காசு கொடுத்து வாங்குவது என்றால் இதுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கினார்கள், ஆனாலும் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

அம்மாவின் தலைசுற்றலுக்குக் காரணம் ரத்தசோகை. ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. அந்த முகவாட்டத்திலும் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பிலும் பாதி இதன் வேலை என்று டாக்டர் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே தருகிறார்கள். டீயோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஒட்டாது என்பதால், தோட்டத்திலிருந்து வந்து குடிக்கும் டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட வைத்திருக்கிறேன். முதல் வாரமே நிறுத்தப் பார்த்தது, நெஞ்சைக் கரிக்கிறதாம். சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைத் தண்ணீரோடு போடச் சொன்னதும் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்லடா, ஒரு நாள் கூலி போயிரும்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டது.