கரண்ட் போனாலும் பாடும் பெட்டி

போன வெள்ளிக்கிழமை பஜனை நடுவுல கரண்ட் போச்சு, கீபோர்டு நின்னுடுச்சு. ஸ்டோர்ல தூசி படிஞ்சு கிடந்த ஆர்மோனியத்தைத் தூக்கிட்டு வந்தோம். ஒரு காலத்தில் ராசா பக்கத்துத் தோட்டங்களில் நாடகத்துக்கு வாசித்த பெரியவர், நடுங்கும் கையால் துருத்தியை அழுத்தினார். சுருதி கேட்டதும் எல்லாரும் கண்ணை மூடிப் பாடினோம்.

கீபோர்டு வந்ததும் இதை ஒதுக்கியது நாங்கதான். அகில இந்திய வானொலியும் 1940-ல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது, 1971-ல்தான் தளர்த்தினார்கள். ஆனால் நாடக மேடையும் பஜனையும் கைவிடவில்லை. சுருதி ‘எத்தனை கட்டை?’ என்று இன்றும் கேட்பது இந்தப் பெட்டியின் கட்டைகளை வைத்துத்தான்.

நம்ம கோயில்ல இதை வாசிக்கத் தெரிந்தவர் அந்தப் பெரியவர் ஒருத்தர்தான். சொல்லித் தரேன்னு சொல்லிட்டார். ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. அம்மன் துணை.